கம்பெனி திவாலானால் கட்டுமான அப்ரண்டிஸ் எந்தப் பக்கம் போவது?

பிரிட்டனில் பெரிய கட்டுமானக் கம்பெனி ஒன்று விழும்போது பாதியில் நிற்கும் ஆஸ்பத்திரியின் படம் டிவியில் வரும், கடன் எத்தனை கோடி பவுண்டு என்று சொல்வார்கள், இயக்குநர்கள் வாங்கிய போனஸைப் பற்றி நாலு நாள் சண்டை நடக்கும். அங்கே செங்கல் கட்டவோ தச்சு வேலையோ பழகிக்கொண்டிருந்த 18 வயதுப் பிள்ளை அடுத்த திங்கட்கிழமை காலையில் எங்கே போகும் என்பது செய்தியின் கடைசியில் ஒரு வரி, அவ்வளவுதான். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இங்கிலாந்தில் உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ யாராவது இந்த நிலையில் இருந்தால் முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதை எடுக்கலாம், எதற்கு அவசரப்படக் கூடாது என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். விதிகள் பெரும்பாலும் இங்கிலாந்துக்கானவை, ஸ்காட்லாந்தும் வேல்ஸும் வேறுபடும் இடங்களை நடுவில் சொல்லிவிடுகிறேன்.

அப்ரண்டிஸ்ஷிப்பில் இரண்டு பாதி இருக்கிறது. ஒன்று காலேஜ் அல்லது பயிற்சி மையம், இன்னொன்று சைட். கம்பெனி போனால் காலேஜ் பாதி பெரும்பாலும் அப்படியே நிற்கும், சைட்டும் சம்பளமும் ஒரே நாளில் போய்விடும். உதவி செய்கிறோம் என்று வருகிறவர்கள் பலரும் காலேஜ் பாதியைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள், ஏனென்றால் அதுதான் சுலபம். ஆனால் சுவர் கட்டுகிறவனுக்கும் கதவு மாட்டுகிறவனுக்கும் சைட் இல்லாமல் மற்ற பாதி தனியாக ரொம்ப தூரம் போகாது. அதனால் கீழே ஒவ்வொரு வழியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: இந்த வழி பிள்ளையைக் கையில் காகிதத்தோடு சைட்டிலேயே வைத்திருக்கிறதா?

கரிலியன் என்ற பெரிய கட்டுமானக் கம்பெனி விழுந்த கதையைப் பார்த்தால் இது புரியும். 2018 ஜனவரி 15-ஆம் தேதி அந்தக் கம்பெனி கட்டாயக் கலைப்புக்குப் போனது. கையில் இருந்த ரொக்கம் 2.9 கோடி பவுண்டு, கொடுக்க வேண்டியது கிட்டத்தட்ட 700 கோடி. லிவர்பூலில் ராயல் மருத்துவமனையும் பர்மிங்ஹாம் பக்கம் மிட்லண்ட் மெட்ரோபாலிட்டன் மருத்துவமனையும் பாதியில் நின்றன (முதலாவது 2022-லும் இரண்டாவது 2024-லும்தான் திறந்தன, அதில் வேலை பழகிய பிள்ளைகள் அதற்குள் எங்கெங்கோ போயிருப்பார்கள்). கரிலியனுக்குச் சொந்தப் பயிற்சி மையங்களும் இருந்ததால் அங்கே இருந்தவர்களுக்கு வேலை, படிப்பு இரண்டும் ஒரே நேரத்தில் ஆட்டம் கண்டன. படிப்புப் பக்கத்தைக் கட்டுமானத் துறைப் பயிற்சி வாரியமான சி.ஐ.டி.பி. எடுத்துக்கொண்டது, அது நல்ல வேகத்தில் நடந்தது. வேலைப் பக்கம்தான் இழுத்தது. அந்த ஆண்டின் நடுவில் வெளிவந்த அரசுக் கணக்குப்படி 1,148 அப்ரண்டிஸ்களில் 777 பேருக்கு வேறு முதலாளி கிடைத்தார், 341 பேர் வேலையிலிருந்து அனுப்பப்பட்டார்கள். நாடே பார்த்துக்கொண்டிருந்த ஒரு விழுகையில், வாரியம், அமைச்சர், தொழிற்சங்கம் எல்லோரும் இறங்கியும் பத்தில் மூன்று பேருக்கு இந்தக் கதி. செய்தியில் வராத சின்னக் கம்பெனி விழுந்தால் யார் வருவார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது விதி. எந்த வழியை எடுப்பது என்பதை உண்மையில் தீர்மானிப்பது பயிற்சியில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்பதுதான். இங்கிலாந்தில் 75 சதவீதம் முடித்திருந்தாலோ, முடிய ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தாலோ, முதலாளி இல்லாமலே மீதிப் பயிற்சிக்கும் கடைசி மதிப்பீட்டுக்கும் அரசு பணம் கொடுக்கும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் 12 வாரம்தான். அந்த 12 வாரமும் பயிற்சி நிறுவனம் பாடத்தைத் தொடரலாம், அதற்குள் புது முதலாளி கிடைத்தால் விட்ட இடத்திலிருந்து போகலாம், கிடைக்காவிட்டால் அப்ரண்டிஸ் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். 12 வாரத்துக்குச் சம்பளம் கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பயிற்சிக்குத்தான் பணம், பிள்ளையின் பஸ் காசுக்கு இல்லை.

அப்போ கைச்செலவுக்கு என்ன வழி? கம்பெனி திவாலானால் வர வேண்டிய பாக்கியைத் தேசியக் காப்பீட்டு நிதியிலிருந்து அரசின் ரிடண்டன்சி பேமென்ட்ஸ் சர்வீஸ் தரும்: அதிகபட்சம் எட்டு வாரச் சம்பளப் பாக்கி, ஆறு வார விடுமுறைப் பணம், நோட்டீஸ் பணம், அப்புறம் ரிடண்டன்சி, அதாவது வேலை போனதற்கான இழப்பீடு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்ரண்டிஸ் கணக்கில் போட்டுப் பாருங்கள். ரிடண்டன்சிக்கு இரண்டு வருட சர்வீஸ் வேண்டும், 22 வயதுக்குக் கீழே வருடத்துக்கு அரை வாரச் சம்பளம். இரண்டு வருடம் வேலை பார்த்த 19 வயதுப் பையனுக்கு மொத்தமே ஒரு வாரச் சம்பளம்தான் வரும். ஒன்றே முக்கால் வருடம் என்றால் அதுவும் இல்லை. சம்பளப் பாக்கியும் விடுமுறைப் பணமும்தான் அவனுக்கு உண்மையான காசு, ஆகவே அந்த விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே போட வேண்டும். திவால் வேலையைப் பார்க்கும் அதிகாரி ஒரு கேஸ் எண் தருவார், அது இல்லாமல் ஆன்லைன் விண்ணப்பம் நகராது. கம்பெனி பெரிதாக இருந்து, ஒரே இடத்தில் 20 பேரையோ அதற்கு மேலோ கலந்து பேசாமல் அனுப்பியிருந்தால் தொழில் தீர்ப்பாயத்தில் தனி இழப்பீடு கேட்கவும் இடம் உண்டு. அதற்குக் காலக்கெடு குறுகியது, யூனியனில் இருந்தால் அவர்களிடமே கேட்டுவிடலாம்.

பணத்தைவிட முதலில் ஓட வேண்டியது ஒன்று இருக்கிறது. திவால் அறிவிப்பு வந்ததும் சைட் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். உள்ளே இருக்கும் கருவிகள் யாருடையது என்ற பேச்சு அதற்கப்புறம் வாரக்கணக்கில் இழுக்கும். சொந்த டிரில், ரசமட்டம், கரண்டி எல்லாம் அங்கே இருந்தால் ரசீது, போட்டோ, வரிசை எண் எதையாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு, பயிற்சித் திட்டம், சைட்டில் செய்த வேலையின் போட்டோக்கள், மேஸ்திரி கையெழுத்துப் போட்ட தாள்கள் ஆகியவற்றையும் கம்பெனி ஈமெயிலில் விட்டுவைக்காமல் சொந்த இடத்துக்கு மாற்றுங்கள். கம்பெனி ஈமெயில் ஒரு மதியத்தில் அணைந்துவிடும். மேற்பார்வை பார்த்தவரின் சொந்த போன் எண்ணை வாங்கி வைப்பது இன்னும் நல்லது. ‘இவன் இந்தச் சுவரைத் தனியாகக் கட்டினான்’ என்று பின்னால் எழுதித் தர ஒரு ஆள் வேண்டும்.

இனி வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, அதே அப்ரண்டிஸ்ஷிப்பை வேறு முதலாளியிடம் தொடர்வது. 75 சதவீதத்தைத் தொடாதவர்களுக்கு இதைவிட்டால் சிறந்தது எதுவும் இல்லை என்பது என் கருத்து. சைட் இருக்கும், சம்பளம் இருக்கும், காகிதமும் தொடரும். சிக்கல், யார் எடுப்பார்கள் என்பதுதான். இந்த இடத்தில் பிள்ளைகளும் பெற்றோரும் கெஞ்சுகிற தொனியில் போகிறார்கள், அது தேவையே இல்லை. எடுக்கிற முதலாளிக்கு இதில் லாபம் இருக்கிறது. 50 பேருக்குக் குறைவான சின்னக் கம்பெனி 16 முதல் 21 வயது வரை உள்ள அப்ரண்டிஸை எடுத்தால் பயிற்சிக் கட்டணம் முழுவதையும் அரசே ஏற்கும் என்று 2024 ஏப்ரலில் மாற்றினார்கள். 25 வயதுக்குக் கீழே உள்ள அப்ரண்டிஸுக்கு, சம்பளம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்கும்வரை, முதலாளி தரப்புத் தேசியக் காப்பீடு கட்ட வேண்டாம். சி.ஐ.டி.பி.யில் பதிந்த கம்பெனியாக இருந்தால் பயிற்சி நடக்கும் வருடத்துக்கு 2,500 பவுண்டு, முடித்துவிட்டால் 3,500 பவுண்டு என்று மானியம் கொடுத்து வந்திருக்கிறார்கள். போதாததற்கு, ஒரு வருடம் வேறு யாரோ செலவு செய்து பழக்கிய ஆள் இப்போது கையில் கிடைக்கிறான். முதல் மாதம் கலவை சுமக்க மட்டும் லாயக்கான ஆள் இல்லை, வரிசை பிடித்துக் கட்டத் தெரிந்தவன். போனில் இதைச் சொல்லிக் கேட்டால் பேச்சே வேறு மாதிரி போகும்.

எங்கே தேடுவது என்றால், முதலில் காலேஜில் அதே வகுப்பில் இருக்கும் மற்ற அப்ரண்டிஸ்களின் முதலாளிகள், அடுத்து விழுந்த கம்பெனியின் வேலைகளை எடுத்து முடிக்கப் போகிற கம்பெனிகள், அதற்கப்புறம்தான் இணையத்தில் வரும் விளம்பரங்கள். பயிற்சி நிறுவனத்துக்கும் தேடித் தரும் பொறுப்பு உண்டு, நீங்கள் கேட்காவிட்டால் மெதுவாகத்தான் செய்வார்கள். ஒவ்வொரு வாரமும் போன் போடுங்கள். கோவிட் நேரத்தில், 2020-ல், வேலை இழந்த அப்ரண்டிஸ்களுக்கென்றே ஓர் உதவிச் சேவையையும் அரசு தொடங்கியது. பெரிய விழுகைகளில் சி.ஐ.டி.பி.யும் நேரடியாக இறங்குகிறது, 2024 செப்டம்பரில் ஐ.எஸ்.ஜி. என்ற கட்டுமானக் கம்பெனி விழுந்து 2,200 பேர் வரை வேலை இழந்தபோதும் அப்ரண்டிஸ்களுக்கு இடம் தேடும் வேலையில் அவர்கள் இருந்தார்கள். அங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரிய முதன்மை ஒப்பந்தக்காரர்களிடம் நேரடியாக இருப்பவர்களில் குவாண்டிட்டி சர்வேயர் (கட்டட அளவும் செலவும் கணக்குப் பார்ப்பவர்), சைட் மேலாண்மை என்று டிகிரி அப்ரண்டிஸ்கள் நிறைய. அவர்களைப் போட்டிக் கம்பெனிகள் சீக்கிரம் தூக்கிக்கொள்கின்றன. கரண்டி பிடிக்கிறவனுக்கு அந்த வேகம் கிடைப்பதில்லை.

இந்த வழியில் ஒரு பொறியும் இருக்கிறது. ‘இப்போதைக்கு லேபரா வா, கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அப்ரண்டிஸ்ஷிப்பில் போடுகிறேன்’ என்று சொல்லும் முதலாளி. அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் 12 வாரக் கடிகாரம் அவருக்காக நிற்காது. அப்ரண்டிஸ்ஷிப் ஒப்பந்தத்திலும் பயிற்சித் திட்டத்திலும் கையெழுத்து விழுந்த பிறகுதான் அதை வேலை என்று எண்ண வேண்டும்.

ஸ்காட்லாந்தில் இதே வழிக்குத் தனிப் பெயரே உண்டு. ‘அடாப்ட் அன் அப்ரண்டிஸ்’ (அப்ரண்டிஸைத் தத்தெடுங்கள்) என்ற திட்டத்தில், வேலை இழந்த அப்ரண்டிஸை எடுத்து முடிக்கவைக்கும் முதலாளிக்கு 2,000 பவுண்டு கொடுத்து வந்தார்கள், கோவிட் காலத்தில் அதை 5,000 ஆக்கினார்கள். பணம் முதலாளி கைக்குப் போகிறதே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு இது பிடித்திருக்கிறது, காரணம் இது சைட் பாதியை நோக்கிப் போகும் பணம். போதுமா என்றால் போதாது. ஒரு வருடச் சம்பளத்துக்குப் பக்கத்தில் 2,000 பவுண்டு எதுவும் இல்லை, எடுக்கலாமா வேண்டாமா என்று தயங்குகிற கம்பெனியைத்தான் அது தள்ளிவிடும். வேலையே இல்லாத கம்பெனியை அசைக்காது.

இரண்டாவது வழி, முதலாளி இல்லாமல் முடிப்பது. 75 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்கு இது நிஜமான வழி. கணக்குப் பார்த்தால், எட்டு மாதம் சம்பளமில்லாமல் இழுக்க முடியாது, மூன்று மாதம் என்றால் வீடு தாங்கும். காலேஜ் பட்டறையில் மீதியை முடித்துக் கடைசி மதிப்பீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் சைட்டில் செய்து காட்ட வேண்டிய வேலைகள் மிச்சம் இருந்தால் இது உள்ளே பொத்தலான வழி. பட்டறையில் கட்டிய சுவரை மறுநாள் இடித்துக் கல்லைத் திரும்ப அடுக்குவார்கள். மழையில், சாரத்தில், பக்கத்தில் நாலு பேர் அவசரப்படுத்தக் கட்டிய சுவருக்கு அது சமமில்லை, மதிப்பீட்டாளருக்கும் அது தெரியும். அதனால் இந்த வழியை எடுக்கும் முன் பயிற்சி நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: என் கோப்பில் சைட் சான்று எதெது குறைகிறது, அதை எங்கே செய்ய வைப்பீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் முதல் வழிக்கே திரும்புங்கள், கோட்டைத் தாண்டியிருந்தாலும் பரவாயில்லை.

மூன்றாவது, முழுநேரக் காலேஜுக்கு மாறுவது. நம் வீடுகளில் முதலில் எழும் யோசனை இதுதான். ‘எப்படியோ படிப்பு கெடக் கூடாது’ என்பார்கள். இதற்கு ஆதரவாகச் சொல்ல விஷயம் இருக்கிறது. 16 முதல் 18 வயதுக்குக் கட்டணம் இல்லை. அப்ரண்டிஸாக இருந்தபோது நின்றுபோன சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைக்காகப் பெற்றோருக்கு அரசு தரும் பணம்), முழுநேரப் படிப்பில் 19 வயதுக்கு முன் சேர்ந்தால் 20 வயது வரை வீட்டுக்குத் திரும்ப வரும். வீட்டில் சும்மா உட்கார்ந்து மனம் நொந்துபோவதற்கு இது எவ்வளவோ மேல். 16, 17 வயதுப் பிள்ளை, சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது என்றால் நானும் இதைத்தான் சொல்வேன், அடுத்த செப்டம்பரில் மறுபடி அப்ரண்டிஸ்ஷிப் தேடலாம். ஆனால் 18, 19 வயதில் ஒரு வருடத்துக்கு மேல் சைட்டில் நின்றவனுக்கு இது பின்னோக்கிய அடி. டிப்ளமா கிடைக்கும், ஆனால் வேலையிடத்தில் மதிப்பிட்டுத் தரும் என்.வி.க்யூ. கிடைக்காது, அது இல்லாமல் சைட்டில் காட்டும் தொழிலாளர் அட்டையில் நீல நிறத்துக்கு, அதாவது தேர்ந்த தொழிலாளிக்கான அட்டைக்கு, போவது கடினம். முடித்துவிட்டு வந்தால் பழையபடி ‘அனுபவம் இருக்கா?’ என்ற கேள்வி.

நான்காவது வழியைத்தான் பிள்ளைகள் தாங்களாகவே தேர்ந்தெடுக்கிறார்கள், பெற்றோருக்குக் கடைசியில் தெரியவரும். நாள்கூலிக்கு சைட்டில் இறங்குவது. கணக்கு அவர்களுக்குச் சாதகமாகத்தான் தெரியும். 2025 ஏப்ரலில் அப்ரண்டிஸின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.55 பவுண்டாகவும், 21 வயதான சாதாரணத் தொழிலாளிக்கு 12.21 ஆகவும் இருந்தது. சொந்தக்கணக்கு ஆளாகப் பதிந்து போனால் நாளுக்கு இன்னும் அதிகம் தருகிற இடங்கள் உண்டு. சி.ஐ.எஸ். என்ற கட்டுமான வரி முறையில் 20 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள், பதியாமல் போனால் 30. முதல் வெள்ளிக்கிழமை கையில் வரும் காசைப் பார்த்தால் யாருக்கும் அப்ரண்டிஸ்ஷிப் என்ற சொல்லே மறந்துபோகும். விடுமுறைப் பணம் இல்லை, காய்ச்சல் வந்தால் பணம் இல்லை, மழை நாளில் வீட்டுக்கு அனுப்பினாலும் இல்லை. இதெல்லாம்கூட இரண்டாம்பட்சம். சொந்தக்கணக்கில் இருப்பவர் பொதுவாக அப்ரண்டிஸாகவே இருக்க முடியாது, அதுதான் பெரிய விஷயம். 12 வாரம் அதில் கழிந்தால் ஒரு வருடம் கஷ்டப்பட்டுச் சேர்த்த பயிற்சி நடுவில் நிற்கும்.

அதற்காக இதை முழுக்கத் தள்ளவும் மாட்டேன். வீட்டு வாடகை அந்தப் பிள்ளையின் சம்பளத்தை நம்பியிருக்கிறது என்றால் வேறு பேச்சுக்கு இடமில்லை. அப்படிப் போனாலும் திரும்பி வர ஒரு பாதை இருக்கிறது, அனுபவம் சேர்ந்த பிறகு மதிப்பீட்டாளர் சைட்டுக்கே வந்து பார்த்து என்.வி.க்யூ. தரும் முறை. அதற்குத் தன் தொழிலையே செய்துகொண்டிருக்க வேண்டும். கொத்து வேலை பழகியவன் இரண்டு வருடம் குப்பை அள்ளிக்கொண்டும் கேட்டில் லாரிக்குக் கொடி காட்டிக்கொண்டும் இருந்தால் காட்ட ஒன்றும் இருக்காது.

ஐந்தாவது வழி பலருக்குத் தெரியாதது, எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். ஒரு கம்பெனியிடம் நேரடியாகச் சேராமல், அப்ரண்டிஸ்களை வேலைக்கு வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஓர் அமைப்பிடம் சேர்வது. சம்பளமும் ஒப்பந்தமும் அவர்களுடையது, வேலை பார்ப்பது அவர்கள் அனுப்பும் கம்பெனிகளில். ஒரு கம்பெனி விழுந்தால் பிள்ளைக்கு சைட் மாறும், வேலை போகாது. இங்கிலாந்தில் ஃபிளெக்ஸி-ஜாப் ஏஜென்சி என்று சொல்கிறார்கள், தென் வேல்ஸில் கவ்லே (Cyfle) என்ற பகிர்வு அப்ரண்டிஸ்ஷிப் அமைப்பு இதைப் பல வருடமாகச் செய்கிறது, ஆஸ்திரேலியாவில் குரூப் டிரெய்னிங் என்ற பெயரில் இன்னும் பழைய, இன்னும் பரவலான ஏற்பாடு. ஆறு மாதம் பள்ளிக்கூடக் கட்டடம், ஆறு மாதம் வீடுகள், அப்புறம் பழைய கட்டடப் பழுது என்று மாறி மாறிப் போவதால் கையும் பழகும். குறையும் சொல்லிவிட வேண்டும். நடுவில் இருக்கும் அமைப்புக்கும் செலவு உண்டு, அது வேலை கொடுக்கும் கம்பெனியின் பில்லில் ஏறும். துறை முழுக்கப் படுத்தால் எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதத்தில் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும், அப்போது இந்த அமைப்பும் திணறும். எல்லா ஊரிலும் இல்லை, எல்லாத் தொழிலுக்கும் இல்லை. ஆனால் ஒரு கம்பெனி விழுகிற ஆபத்துக்கு இதைவிட நேரான மருந்து நான் பார்க்கவில்லை. கம்பெனி திவாலான பிறகு நடக்கும் ஓட்டம் எல்லாம் இது முன்னாலேயே இல்லாததால் வருவதுதான். உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் 12 வாரத்தின் முதல் வாரத்திலேயே கதவைத் தட்டுங்கள், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

ஆக என் வரிசை: 75 சதவீதம் தாண்டி, சைட் சான்றும் நிறைந்திருந்தால் முதலாளி இல்லாமல் முடியுங்கள். தாண்டாவிட்டால் புது முதலாளியையும் பகிர்வு அமைப்பையும் ஒரே நேரத்தில் தேடுங்கள், கொஞ்சம் தூரமாக இருந்தாலும், பழைய இடத்தைவிடச் சம்பளம் ஒரு பவுண்டு குறைந்தாலும். சேர்ந்து சில மாதமே ஆன 16, 17 வயதுக்கு மட்டும் காலேஜ். நாள்கூலி, வேறு வழி அடைபட்ட பிறகு.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களை எந்தக் கணக்கிலும் காட்ட மாட்டார்கள். விழுந்த பெரிய கம்பெனியிடம் பில் போட்டுக் காத்திருந்த துணை ஒப்பந்தக்காரர்களின் அப்ரண்டிஸ்கள். பணம் வராமல் அந்தச் சின்னக் கம்பெனி உடனே விழாது. இரண்டு மாதம் தாக்குப்பிடிக்கும், ஓவர்டிராஃப்டில் ஓடும், அப்புறம் சத்தமில்லாமல் மூடும். அந்த நேரத்தில் டிவி கேமரா போயிருக்கும், சிறப்புக் குழு கலைந்திருக்கும். 75 சதவீத விதி, 12 வாரம், தேசியக் காப்பீட்டு நிதி எல்லாம் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும், யாரும் வந்து சொல்ல மாட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இதனால்தான் புது முதலாளியைத் தேர்ந்தெடுக்கும்போதும் கொஞ்சம் துருவ வேண்டும். கம்பெனிகளைப் பதியும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் இலவசமாகத் தெரியும், வருடக் கணக்கைத் தாக்கல் செய்யத் தாமதமாகியிருந்தால் அங்கேயே காட்டும். கெஜட்டில் கலைப்பு மனு ஏதும் வந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். நேர்முகத்தில் பிள்ளை கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு, கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்: உங்கள் வேலையில் எத்தனை பங்கு ஒரே முதன்மை ஒப்பந்தக்காரரிடமிருந்து வருகிறது? பாதிக்கு மேல் என்று பதில் வந்து, அந்தப் பெயர் இப்போது திவாலான அதே பெயராகவும் இருந்தால், அந்த இடத்தைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொன்றையும் தேடிக்கொண்டிருக்கலாம்.